வார்டு பணத்துல என்ன வேலை எடுக்கலாம்னு மக்கள்கிட்ட கேக்கப் போறீங்களா? கூட்டமா, படிவமா, ஓட்டா, பங்குப்பணமா

"எங்க கவுன்சிலர் 20 லட்சத்துக்கு நீங்க சொல்ற வேலையவே எடுத்துடலாம்னு ஒத்துக்கிட்டாருங்க, ஆனா அது என்ன வேலைன்னு எப்படி முடிவு பண்றதுங்கிறதுல எங்க சங்கத்துக்குள்ளயே சண்டை." ஒரு குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் போன மாசம் போன் பண்ணி இப்படித்தான் ஆரம்பிச்சாரு. இளசுங்க எல்லாம் வாட்ஸ்ஆப்ல ஓட்டு வெச்சு முடிச்சிடலாம்ங்கிறாங்களாம், பெரியவங்க கூட்டம் போட்டாத்தான் முறைங்கிறாங்களாம், கொஞ்சம் வசதியான ரெண்டு தெருக்காரங்க நாமளும் காசு போட்டு நமக்கு நாமே திட்டத்துல வாங்கிடலாம்ங்கிறாங்களாம். அந்த வாரமே ஒரு ஊராட்சியில இளைஞர் மன்றம் நடத்துற பசங்களும் ஏறக்குறைய இதே கேள்வியோட வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஒவ்வொரு வழியும் எங்கயோ ஒரு ஊர்ல நல்லா நடந்திருக்கு, அதே வழி இன்னொரு ஊர்ல பேருக்கு நடந்து மக்கள் வெறுத்துப் போயிருக்காங்க. அதனால எது ஒசத்தின்னு பேச வரல, உங்ககிட்ட இருக்கிற பணத்துக்கும் ஆளுங்களுக்கும் எது ஒத்துவரும்னுதான் பாக்கப்போறோம்.

## எத வெச்சு அளக்குறது

நான் அஞ்சு விஷயம் பாப்பேன். ஒண்ணு, பணம். எவ்வளவுங்கிறத விட எந்தத் தலைப்புல வர்ற பணம், அடுத்த வருஷமும் வருமாங்கிறதுதான் முக்கியம். ரெண்டு, யார் வருவாங்கங்கிறத விட யார் வரமாட்டாங்க: கூலிக்குப் போறவங்க, வாடகை வீட்டுக்காரங்க, ஊர் ஓரத்துக் காலனி, ராத்திரி ஷிஃப்ட் பாக்குறவங்க. மூணு, மக்கள் சொன்னத யார் மாத்தலாம், மாத்துனா காரணம் எழுத்துல வருமா. நாலு, கண்ணுக்குத் தெரியாத செலவு. சாமியானா வாடகையும் டீச் செலவும் பெரிசில்ல, ஜனங்களோட அரை நாள் கூலி இருக்கு பாருங்க, அதச் சொல்றேன்.

அஞ்சாவதுதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பெருசு: போன தடவை சொன்னதுக்கு என்ன ஆச்சுன்னு அதே இடத்துல, அதே ஜனங்ககிட்ட திரும்பி வந்து சொல்றாங்களா.

இது எனக்குப் புரிஞ்சது ஒரு கிராம சபையில. ஊர் பேரு வேணாம். தீர்மான நோட்ட எடுத்து ஊராட்சி செயலர் புது வேலைங்கள எழுத ஆரம்பிச்சப்ப முன்வரிசையில இருந்த ஒரு அம்மா எழுந்து, "போன கூட்டத்துல எங்க தெருவுக்கு சின்டெக்ஸ் தொட்டின்னு எழுதுனீங்களே தம்பி, அது என்னாச்சுன்னு மட்டும் சொல்லிட்டு புதுசு எழுதுங்க"ன்னு கேட்டாங்க. அவரு பக்கத்தப் பின்னாடி பின்னாடி திருப்புறாரு, தீர்மானம் இருக்கு, நம்பரோட இருக்கு, ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்ல அந்த நோட்டுல இடமே இல்ல. ஒரு நிமிஷம் மைக் சத்தம் கூட இல்ல. அப்புறம் "பரிசீலனையில இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டாங்க. அடுத்த கூட்டத்துல அந்த அம்மாவும் வரல, அவங்களோட வந்த தெருக்காரங்க ஏழெட்டு பேரும் வரல. தொட்டி வராததுக்குக் கூட அவங்க பொறுத்திருப்பாங்க, பணம் இல்லைன்னா இல்லைன்னு முகத்தப் பாத்து சொல்லியிருந்தா மறுபடியும் வந்திருப்பாங்கன்னு இன்னைக்கும் நான் நம்புறேன்.

## 1. கூட்டம் போட்டுத் தீர்மானம்: கிராம சபையும் ஏரியா சபையும்

சட்டத்துல ஏற்கனவே இருக்கிற வழி இதுதான். 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபை, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு நாலா இருந்தது. 2022-ல மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேத்து ஆறு ஆக்குனாங்க. நகரத்துல வார்டப் பகுதி பகுதியாப் பிரிச்சு நடத்துற ஏரியா சபை ரொம்பப் புதுசு, 2022 நவம்பர் 1-லதான் மாநிலம் பூரா ஆரம்பிச்சாங்க. 2016-ல கவுன்சிலருங்க பதவிக்காலம் முடிஞ்சு 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் நகரத்துல கேக்குறதுக்கே ஆள் இல்லாம கிடந்தோம்ங்கிறத மறந்துடக் கூடாது. அஞ்சு வருஷத்துக்கு மேல அதிகாரிகிட்ட மட்டுமே மனு குடுத்துப் பழகுன ஜனங்க, சபைக்கும் மனுவோடதான் வர்றாங்க.

இதோட பலம், யாரு வேணா எழுந்து நின்னு கேக்கலாம், தீர்மானம்னு ஒரு காகிதம் கையில வரும். ஊராட்சியில கோரம் இருக்கு, அதாவது குறைஞ்சது இத்தன பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும்: 500 பேருக்குள்ள இருக்கிற ஊருக்கு 50, 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300 பேர் வரணும். ஆனா கோரத்துக்குத் தலை எண்ணுறதுக்காகவே தீர்மான நோட்டு முன்கூட்டியே கைமாறி கையெழுத்தாகிடுற இடம் நிறைய, நூறு நாள் வேலைக்காரங்களக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு கணக்கு காட்டுறதும் உண்டு. தீர்மானம் எழுதி முடிக்காம கையெழுத்துப் போடாதீங்க, போட்ட கையெழுத்துக்கு மேல என்ன எழுதுனாங்கன்னு உரக்கப் படிக்கச் சொல்லுங்க.

மறைமுகமான விஷயம் பணத்தோட தலைப்பு. மத்திய அரசோட 15-வது நிதிக்குழு 2021-26-க்கு ஊராட்சிக்குக் குடுத்த மானியத்துல 60% தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்ட பணம், மீதி 40%-தான் ஊர் விருப்பமா இருந்தது. இத யாரும் சபையில மொதல்ல சொல்றதே இல்ல, ஜனங்க கேக்குறது ரோடும் சமுதாயக்கூடமும், கடைசியில நடக்குறது பைப்லைனும் குப்பை வண்டியும், உடனே "நாம சொன்னத எங்க கேட்டாங்க"ன்னு ஆகிடுது. இவ்வளவு பணம், இன்னின்னதுக்குத்தான் முடியும்னு தொடக்கத்துலயே போர்டுல எழுதிட்டா பாதிச் சண்டை குறையும்.

ஏரியா சபையில இன்னொரு குறை, பிரதிநிதிங்கள ஜனங்க ஓட்டுப் போட்டு எடுக்கல, மாநகராட்சி, நகராட்சி மன்றம் நியமிக்குது. தலைமை கவுன்சிலர்தான். கவுன்சிலர் மனசு வெச்சா நல்லா நடக்கும், இல்லைன்னா அவரு ஆளுங்க கூட்டமா முடியும். உங்க கவுன்சிலர் இப்பவே ஒத்துக்கிட்டவரா இருந்தா இந்த வழிக்கு செலவும் குறைவு, சட்டப் பாதுகாப்பும் இருக்கு.

## 2. படிவம் எழுதிப் போடுறது: புனே வழி

புனே மாநகராட்சி 2006-ல இருந்து இதப் பண்ணுது. வருஷா வருஷம் அடுத்த பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி வார்டு ஆபீஸ்ல படிவம் குடுப்பாங்க, நடைபாதை, தெருவிளக்கு, பஸ் ஸ்டாப், பூங்கா பெஞ்சுன்னு உங்க ஏரியாவுக்கு வேண்டியத எழுதிப் போடலாம், ஒரு வேலைக்கு 5 லட்சம் வரைக்கும்னு வரம்பு வெச்சு ஆரம்பிச்சாங்க. எஞ்சினியர் பாத்து முடியும் முடியாதுன்னு பிரிப்பாரு, அப்புறம் வார்டு கமிட்டி எடுக்கும்.

கூட்டத்துக்கு வர முடியாதவங்களுக்கு, கூட்டத்துல பேசக் கூச்சப்படுறவங்களுக்கு இது நல்லது. சின்ன வேலைங்க, அதிகாரி கண்ணுல எப்பவுமே படாத வேலைங்க வெளிய வரும். ஆனா படிவத்தப் போட்ட ஆளும் பக்கத்துத் தெரு ஆளும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே மாட்டாங்க. அவன் தெருவுல சாக்கடை வீட்டுக்குள்ள வருதுன்னு தெரிஞ்சிருந்தா நான் பெஞ்ச் கேட்டிருக்க மாட்டேன், ஆனா அது எனக்குத் தெரிய வழியே இல்ல. தேர்வும் மூடுன ரூமுக்குள்ள நடக்குது. உங்க படிவம் ஏன் தள்ளிப் போச்சுன்னு பதில் வரலைன்னா அது பெட்டியில போட்ட மனுவோட ஒண்ணுதான்.

## 3. ஓட்டு: நியூயார்க், பாரிஸ் வழி

நியூயார்க்ல 2011-ல நாலு கவுன்சில் உறுப்பினருங்க தங்களோட நிதியில ஆளுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர ஒதுக்கி ஆரம்பிச்சாங்க. யோசனை சொல்றது, தன்னார்வலருங்க அதிகாரிங்களோட உக்காந்து எஸ்டிமேட் போடுறது, அப்புறம் ஓட்டு. 11 வயசு ஆனாலே ஓட்டு உண்டு, குடியுரிமை இருக்கா இல்லையான்னு கேக்குறது இல்ல. பாரிஸ் 2014-ல முதலீட்டு பட்ஜெட்டுல சுமார் 5% ஒதுக்கி ஆரம்பிச்சது, ஆன்லைன்லயும் போடலாம் பெட்டியிலயும் போடலாம். அப்புறம் வசதியான பகுதிங்களே ஜெயிக்கக் கூடாதுன்னு ஏழைங்க அதிகம் இருக்கிற பகுதிக்குத் தனிப்பங்கும் வெச்சாங்க.

அந்தத் தனிப்பங்கு ஏன் வந்துச்சுன்னு நம்ம சங்கத்துப் பசங்க நல்லா யோசிக்கணும். வாட்ஸ்ஆப் ஓட்டுன்னா 120 வீடு இருக்கிற அப்பார்ட்மென்ட்ல ஒரே ராத்திரியில 200 ஓட்டு விழும், பின்னாடி இருக்கிற குடிசைப் பகுதியில ஒரு போன ரெண்டு மூணு பேரு வெச்சிருப்பாங்க, அதுலயும் ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும். முடிவு ஓட்டுப்படி சரியாத்தான் இருக்கும், நியாயப்படி தப்பா இருக்கும், தோத்தவங்களுக்கு அதக் கேக்கவும் வாய் வராது.

அடுத்து எஸ்டிமேட். ஓட்டுக்கு முன்னாடியே ஜேஈ, அதாவது ஜூனியர் எஞ்சினியர், போட்ட தொகை வேணும். ஜிஎஸ்டி, லேபர் வெல்ஃபேர் எல்லாம் ஏத்துனா ஜெயிச்ச வேலையே கையில இருக்கிற பணத்தத் தாண்டிப் போயிடும், அப்ப ஜனங்ககிட்ட போய் "நீங்க போட்ட ஓட்டு செல்லாது"ன்னு சொல்றத விட மோசம் வேற இல்ல. வேலைங்க எல்லாம் ஒரே அளவா, ஏற்கனவே எஸ்டிமேட் போட்டதா, காகிதச் சீட்டும் வீடு வீடாப் போக ஆளும் உங்ககிட்ட இருந்தா மட்டும் ஓட்டுக்குப் போங்க.

## 4. தெருவுல இருந்து ஆள் அனுப்பி மார்க் போடுறது: போர்டோ அலெக்ரே, கேரளா வழி

உலகத்துல இதுக்கெல்லாம் தாய்வீடு பிரேசில்ல இருக்கிற போர்டோ அலெக்ரே. 1989-ல தொழிலாளர் கட்சி மேயர் ஒலிவியோ துத்ரா காலத்துல ஆரம்பிச்சது. ஊர 16 பகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் திறந்த கூட்டம். வந்திருக்கிற பத்துப் பேருக்கு ஒரு பிரதிநிதிங்கிற மாதிரி கணக்கு வெச்சாங்க, அதனால உங்க தெருவுக்குக் குரல் வேணும்னா ஆளக் கூட்டிட்டு வந்தே ஆகணும். அந்தப் பிரதிநிதிங்க மத்தப் பகுதிங்களுக்கு நேராப் போய்ப் பாத்துட்டு வந்துதான் பேசுவாங்க. பணத்தப் பிரிக்க மார்க் உண்டு: மக்கள் தொகை எவ்வளவு, அந்த வசதி எவ்வளவு குறைவா இருக்கு, அந்தப் பகுதி எத மொதல்ல கேட்டிருக்கு. வசதி குறைஞ்ச இடத்துக்கு அதிக மார்க். இதுல எனக்குப் பிடிச்சதே இதுதான், யாரு சத்தமாப் பேசுறாங்கிறதுல பணம் போகல.

ஆரம்பத்துல அங்கயும் தள்ளாடுச்சு. வருமானம் ஏறக்குறைய எல்லாம் சம்பளத்துக்கே போய் கையில காசே இல்ல, ஜனங்க கேட்டது நடக்கல, 1990-ல வந்தவங்க ஆயிரம் பேருக்குள்ள. சொத்து வரிய சீர்படுத்தி, கொஞ்சம் பணம் சேத்து, சொன்ன வேலைய முடிச்சுக் காட்டுன பிறகு 1993-ல பத்தாயிரத்தத் தாண்டுச்சு. தண்ணி, கழிவுநீர் இணைப்பு இருந்த வீடுங்க 1988-ல 75%, 1997-ல 98%-ன்னு உலக வங்கி கணக்கு சொல்லுது. பிரேசில்ல இந்த முறைய எடுத்துக்கிட்ட நகராட்சிகள்ல சுகாதாரச் செலவு கூடி பச்சக் குழந்தைங்க சாவு குறைஞ்சதா 2014-ல ஆய்வுகள் வந்திருக்கு. அப்புறம் 2004-ல அந்தக் கட்சி தோத்துப் போச்சு. புதுசா வந்தவங்க கூட்டத்த நிறுத்தல, பணத்தத்தான் சுருக்குனாங்க, முடிவு பண்ணுன வேலைங்க தேங்குச்சு, 2017-ல எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிட்டாங்க. சின்டெக்ஸ் தொட்டி கேட்ட அம்மா கதைதான், ஊர் மட்டும் பெருசு.

பக்கத்துலயே கேரளா இருக்கு. 1996-ல மக்கள் திட்ட இயக்கம்னு மாநிலத் திட்டப் பணத்துல 35-ல இருந்து 40% வரைக்கும் உள்ளாட்சிக்குக் குடுத்துட்டு, பிறகு திட்டம் போடச் சொன்னாங்க. அங்க வார்டுக்கு ஒரு கிராம சபை, நம்ம ஊர்ல ஊராட்சி முழுக்க ஒண்ணு. இந்த ஒரு வித்தியாசமே பேச்ச மாத்திடும், நூறு பேர் இருக்கிற இடத்துல பேசுறதும் ஆயிரம் பேர் ஊர்ல கூட்டத்தோட நிக்கிறதும் ஒண்ணா? ஆனா அங்கயும் போகப் போக, வீடு, ஆடு, மாடு மாதிரி பயனாளி பட்டியல்ல பேர் வர வேண்டியவங்க மட்டும் வர்றாங்க, மத்தவங்க வர்றதில்லைங்கிற குறை நிக்குது.

செலவு நேரம்தான். ஒரு வருஷச் சுத்து இது, மாசத்துக்கு ரெண்டு சாயங்காலம் குடுக்குற ஆளுங்க தெருவுக்கு ஒருத்தராவது வேணும். வெறும் 20 லட்சத்துக்கு, அதுவும் ஒரே வருஷத்துக்கு முழுசா இத எடுத்தா ஆளுங்க ஓய்ஞ்சு போயிடுவாங்க.

## 5. பங்குப்பணம்: நமக்கு நாமே

1997-ல வந்து, நின்னு, 2021-ல மறுபடியும் கொண்டு வந்த திட்டம். பொதுவா வேலையோட மதிப்புல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டணும், மீதி அரசு. வேகமா நடக்கும். காசு போட்டவங்க காண்ட்ராக்டர் பக்கத்துல நின்னு ஜல்லிய எண்ணுவாங்க, அந்தக் கண்காணிப்பு வேற எந்த வழியிலயும் வராது.

ஆனா காசு இருக்கிற தெருதான் இதுல மொதல்ல நிக்கும், அரசாங்கப் பணமும் அங்கயே போகும். ரோட்டுக்கும் வடிகாலுக்கும் இத எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன், அது வரி கட்டுறவங்களுக்கு வந்து சேர வேண்டிய அடிப்படை வசதி, அதுக்கு இன்னொரு தடவை காசு எதுக்கு? பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் ரூம், குளம் தூர்வாருறது, படிப்பகம் மாதிரி எல்லாருக்கும் பொதுவா இருக்கிறதுக்கு எடுங்க. மக்கள் பங்க நானே கட்டிடுறேன்னு காண்ட்ராக்டர் வந்தா அங்கயே நிறுத்திடுங்க.

## ஒரே பார்வையில

| வழி | எப்ப நல்லது | யார் விடுபடுவாங்க | மறைஞ்சிருக்கிற செலவு |
|---|---|---|---|
| சபைத் தீர்மானம் | தலைவரோ கவுன்சிலரோ மனசு வெச்ச இடம் | கூலிக்குப் போறவங்க, பேசக் கூச்சப்படுறவங்க | நோட்டோட நின்னு போற தீர்மானம் |
| படிவம் | சின்னச் சின்ன வேலை நிறைய இருந்தா | எழுதப் படிக்கச் சிரமப்படுறவங்க | பதில் வராத ஏமாற்றம் |
| ஓட்டு | எஸ்டிமேட் தயாரா, ஆள்பலம் இருந்தா | போன் இல்லாதவங்க, சின்னத் தெருக்காரங்க | வீடு வீடாப் போற உழைப்பு |
| பிரதிநிதியும் மார்க்கும் | மூணு வருஷமாவது பணம் உறுதின்னா | நேரம் இல்லாதவங்க | ஆளுங்க களைச்சுப் போறது |
| பங்குப்பணம் | எல்லாருக்கும் பொதுவான சொத்துக்கு | காசில்லாத தெரு | அரசுப் பணமும் வசதியான பக்கம் சாயுறது |

## அந்தச் செயலாளருக்கு என்ன சொன்னேன்

சபை வழிய எடுங்க, ஆனா போர்டோ அலெக்ரேல இருந்து மார்க்க மட்டும் கடன் வாங்கிக்கோங்கன்னேன். பெரிய கூட்டத்துக்கு முன்னாடி தெருத் தெருவா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சின்னக் கூட்டம், காலனியில முதல் கூட்டம். ஜேஈகிட்ட ஒரு விலைப்பட்டியல் வாங்கி வெச்சிடணும்: வடிகால் ஒரு மீட்டர் என்ன ஆகும், ஒரு எல்இடி விளக்குக் கம்பம் என்ன ஆகும்னு. விலை தெரிஞ்சாலே ஜனங்க கேக்குற விதம் மாறிடுது, நான் பாத்திருக்கேன், ஆர்ச் வேணும்னு வந்தவங்களே கணக்குப் போட்டுட்டு அத விட்டுட்டு கல்வெர்ட்டுக்கு, அதாவது சின்னப் பாலத்துக்கு, வந்தாங்க. அப்புறம் எத்தன வீட்டுக்குப் பிரயோஜனம், இப்ப எவ்வளவு மோசம், தெருக்காரங்க எத மொதல்ல கேட்டாங்கன்னு மூணே மூணு மார்க், எல்லார் முன்னாடியும் கரும்பலகையில. கிடைக்காத தெருவுக்கு ஏன் கிடைக்கலைன்னு அங்கயே சொல்லிடணும்.

வேலை நடக்குற இடத்துல ஒரு போர்டு: தொகை, காண்ட்ராக்டர் பேரு, ஆரம்பிச்ச தேதி, முடிக்க வேண்டிய தேதி. பில் பாஸ் ஆகுறதுக்கு முன்னாடி தெருக்காரங்க ரெண்டு பேர் டேப் பிடிச்சு அளந்து, எம்-புக்ல (எஞ்சினியரோட அளவுப் புத்தகம்) எழுதுனதோட ஒத்துப் பாக்கணும்னு கவுன்சிலர்கிட்ட இப்பவே எழுதி வாங்கிக்கச் சொன்னேன். அடுத்த வருஷக் கூட்டத்தோட முதல் அரை மணி நேரம் போன வருஷக் கணக்குக்கு மட்டும், புது வேலை பேச்சே எடுக்கக் கூடாது.

ஊராட்சிப் பசங்களுக்கு வேற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த மாவட்டம் அவங்களோடது, 2025 ஜனவரியோட தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு, வாக்குக் குடுக்கவோ காப்பாத்தவோ அங்க ஆள் இல்ல. அப்படிப்பட்ட இடத்துல புதுசா ஓட்டு, மார்க்னு ஆரம்பிச்சு ஜனங்களக் கூட்டிட்டு வந்து ஏமாத்திடாதீங்க, இந்த வருஷம் கணக்கக் கேக்குற வேலைய மட்டும் பண்ணுங்கன்னு சொன்னேன். ஊராட்சியோட வரவு செலவு படிவம் 30-ல இருக்கும், சபையில வைக்கச் சொல்லலாம். மத்திய அரசோட இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துல திட்டமும் செலவும் யாரு வேணா பாக்கலாம், பிரிண்ட் எடுத்து டீக்கடையில ஒட்டுங்க. போன ரெண்டு வருஷத் தீர்மான நகலையும், ஒவ்வொண்ணு மேலயும் என்ன நடவடிக்கைன்னும் ஆர்டிஐ-ல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க. பதிலுக்கு 30 நாள் கெடு, ஆகஸ்ட் 15 சபை முடிஞ்ச கையோட போட்டீங்கன்னா அக்டோபர் 2-க்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது.